ரயில் எஞ்சின் மாடலுக்கு எவ்வளவு கவனமாகப் பெயிண்ட் அடித்தாலும் பொம்மை போலவே தெரிகிறதே, ஏன்?

எச்ஓ அளவு டீசல் எஞ்சின் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எச்ஓ என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. உங்கள் கேள்விக்கான விடை அந்த 87-இல்தான் இருக்கிறது. மாடலில் கண்ணில் படும் எதையும் 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், பொம்மைத்தனம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிடும்.

பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை இழுத்தால் பெயிண்ட் 0.1 மி.மீ. தடிமன் சுலபமாக ஏறிவிடும். பெருக்கினால் கிட்டத்தட்ட 9 மி.மீ. நிஜ எஞ்சினுக்கு அந்தக் கனத்தில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? ரிவெட், கதவு இடுக்கு, காற்றுப் பலகைகளின் கோடுகள் எல்லாம் அதற்கடியில் மூழ்கிப்போகும்.

அதனால் பழைய பூச்சின் மேலேயே அடிக்காதீர்கள். மேல்கூட்டைக் கழற்றி, கண்ணாடிகளை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உள்பக்க மூலையில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. அசிட்டோன் பக்கமே போகவேண்டாம். அவசரத்தில் ஒருமுறை போனேன், ஓட்டுநர் அறை மெழுகாய் இளகிவிட்டது.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவிடுங்கள். அதற்குமேல் வெறும் விரல் படக்கூடாது. இதை அலட்சியம் செய்த ஒரு மாடலில் நிறம் பரவாமல் மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது மஞ்சள் பட்டையும், பெயிண்ட் பிடிக்க அடியில் அடித்திருந்த பிரைமரும் சேர்ந்தே கையோடு வந்தன.

சாம்பல் நிற பிரைமர், அதன்மேல் வெளிர் நிறம், கடைசியில் அடர் நிறம். 0.3 மி.மீ. முனை உள்ள ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி), 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பால் பதத்துக்குக் கரைத்த பெயிண்ட், இவ்வளவு போதும். ஒரே தடவையில் மூடப் பார்க்காதீர்கள், முதல் பூச்சு புகைபடிந்தது போலத்தான் இருக்கவேண்டும். இரண்டு நிறம் சேரும் கோடு பிசிறடிக்கிறதென்றால், டேப்பின் விளிம்பைக் கண்ணாடி மேல் வைத்து பிளேடால் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியபின் அடியில் இருக்கும் நிறத்தையே விளிம்பில் லேசாக ஒருமுறை அடியுங்கள். கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். அப்புறம் அடுத்த நிறம்.

கறுப்பு வேண்டிய இடத்தில் சுத்தக் கறுப்பு வேண்டாம். சின்னப் பொருளில் நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், கரும்சாம்பல் அடித்தால்தான் கண்ணுக்குக் கறுப்பாகும்.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்த்தது 0.8 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 7 செ.மீ., அதை எந்தக் கை பிடிக்கும்? சீவி எறிந்துவிட்டு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி போடுங்கள். அது 26 மி.மீ. ஆகிறது, கைக்கு அடங்கும். துளையிடும் முன் ஊசியால் குழி போடாவிட்டால் முனை வழுக்கி ஓடும். அந்த மெல்லிய துளைமுனைகள் உடையத்தான் செய்யும், நாலைந்து வாங்கி வையுங்கள். பசையை உள்பக்கமிருந்து வையுங்கள்.

எழுத்து, எண் டீக்கால்களை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலங்கள்) பளபளப்பான வார்னிஷ் மேல்தான் ஒட்டவேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். ஒட்டிய பிறகு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

என்னைக் கேட்டால், எல்லோரும் சொதப்புவது அழுக்கேற்றுவதில்தான். நானும் ஆரம்பத்தில் ஆசை தீரத் துருவைத் தீட்டியவன். 2 மி.மீ. பொட்டு வைத்தால் அது 17 செ.மீ. அகலத் துரு என்பது அப்போது உறைக்கவில்லை! நிஜ எஞ்சினின் படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக் தூசி பழுப்பாகக் கீழே சக்கரச் சட்டங்களில் படியும், புகைக்கரி கூரையில் புகைப்போக்கியைச் சுற்றி இருக்கும், டீசல் வழிந்த கறை டேங்க் வாயிலிருந்து கீழிறங்கும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம்தான் அழுக்கும் ஓடும். அக்ரிலிக் பெயிண்ட், வார்னிஷ் இரண்டும் நன்றாகக் காய்ந்தபின் நீர்க்கக் கரைத்த அழுக்கு நிற எனாமல் பெயிண்டைத் தடவி, சிறிது நேரம் கழித்து எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுங்கள். பெரும்பகுதி வந்துவிடும், இடுக்கில் தங்குவதுதான் நமக்கு வேண்டும். நிறப்பொடி தூவினால் கொஞ்சம் கூடுதலாகவே தூவுங்கள், வார்னிஷ் பட்டதும் பாதி மங்கிவிடும்.

எல்லாம் முடிந்து பூட்டியபின் எஞ்சின் நகரவில்லை என்றால் மோட்டாரைத் திட்டாதீர்கள். சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பையும், சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் பாருங்கள். பெயிண்ட் பட்டிருக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் ஓடும்.