காட்டில் ஏழு, வயலில் இருபது

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஒரு மலைச்சரிவில் பறவை பார்க்கப் போனேன். காட்டுக்குள் மூன்று மணிநேரம் நடந்தும் ஏழு வகைதான் கண்ணில் பட்டன. கீழே இறங்கி வயலோரம் நின்றதும் அரைமணியில் இருபது. இனி காட்டை விட்டுவிடலாமா? செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை வெளியே வருமாமே, செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காட்டை விடாதீர்கள், நடப்பதைக் குறையுங்கள். பூச்சி தின்னும் காட்டுப் பறவைகள் பல இனங்களாகக் கூடி இரைதேடும். அந்தக் கூட்டம் வந்துசேரும்வரை காடு வெறிச்சென்றுதான் இருக்கும். ஒருமுறை முக்கால் மணிநேரம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கரிச்சான் குரல். அப்புறம் மேலே மின்சிட்டுகள், புதருக்குள் சிலம்பன்கள். பசையெடுப்பான் என்ற சிறு பறவை ஒன்று அடிமரத்தில் தலைகீழாக இறங்கி வந்தது. அதன் நகம் பட்டையில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. பத்து நிமிடம்தான், எல்லாம் போய்விட்டன. மற்றவை கிளப்பிவிடும் பூச்சிகளைக் கரிச்சான் பிடித்துக்கொள்கிறது. வல்லூறு வந்தால் முதலில் கத்துவதும் பெரும்பாலும் அதுதான். அதனால் கரிச்சான் குரல் கேட்டால் அசையாமல் நில்லுங்கள்.

வயல் திறந்தவெளி, இருப்பது கண்ணில் படும். ஆனால் அங்கே பார்த்தவற்றில் பல சமவெளியிலும் கிடைப்பவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும். மரமும் பூச்சியும் மாறும், பறவையும் மாறும். குளிர்காலத்தில் மேலேயிருந்து கீழே இறங்கி வருபவையும் உண்டு. ஆகவே காட்டுக்கும் வயலுக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள், உயரத்தையும் குறித்துவையுங்கள். விடிந்து முதல் இரண்டு மணிநேரம் காடும் வயலும் சேரும் ஓரத்தில் நில்லுங்கள். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் வானத்தைப் பாருங்கள், மேலெழும் காற்றில் கழுகுகள் வட்டமிடும்.

குரலை ஒலிக்கவிடுவது மட்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது பதறி வெளியே வருகிறது. கூடுகட்டும் காலமானால் முட்டையை விட்டுவிட்டு வரும். நமக்கு ஒரு படம் கிடைப்பதற்காக அதை அப்படி அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நீங்கள் நின்ற வயலில் வெட்டாமல் விட்ட பெரிய மரம் ஏதாவது இருந்ததா? இருந்தால் அடுத்த முறை அதன் பக்கத்தில் தொடங்குங்கள். காட்டிலிருந்து வெளியே வரும் பறவை பலமுறை முதலில் அங்கேதான் வந்து உட்காரும்.