‘அரோகரா’ வருகிறது, ‘காப்பி’ வரவில்லை

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: அப்பச்சிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை இன்னும் சரியாகவில்லை. நாங்கள் பேசுவது புரிகிறது. ஆனால் ‘காப்பி’ கேட்க வாயெடுத்தால் ‘பாக்கி’, ‘தாப்பி’ என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வருகிறது. அதே மனிதர், குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பியபோது ‘அரோகரா’ என்று கணீரென்று சொன்னார்! வேண்டுமென்றே செய்கிறாரா? நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார் ஆயா.

பதில்: வேண்டுமென்று செய்யவில்லை. வசம்பும் வேண்டாம். கோளாறு நாக்கில் இல்லை, மூளையில்.

பெரும்பாலோருக்குப் பேச்சைக் கவனிப்பது மூளையின் இடது பாதி. வலது உடம்பை அசைப்பதும் அதுதான். அதனால்தான் கையும் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. நீங்கள் சொல்வது ‘அப்ராக்சியா’ போலத் தெரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், உதட்டிலும் நாக்கிலும் பலம் இருக்கும். எந்த ஒலிக்கு எதை எப்போது அசைப்பது என்று வகுத்துத் தரும் வேலைதான் கெட்டிருக்கும். அவர் பேச முயலும்போது வாயைக் கவனியுங்கள். உதடு குவியும், விரியும், சரியான இடத்தைத் தேடித் தடுமாறும். தசையே தளர்ந்து பேச்சு குழறினால் அது வேறு கோளாறு. அதில் தவறு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ‘அரோகரா’வும் சேர்ந்தே குழறும்.

பல வருடம் சொல்லிப் பழகிய ‘அரோகரா’, ஒன்று இரண்டு எண்ணுவது, கோபத்தில் வரும் வசவு இதெல்லாம் தானாக வந்துவிடும். யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் சிக்கும். வசவு மட்டும் தெளிவாக வந்தால் வீட்டில் சங்கடம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இடது கையால் ‘காப்பி’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் சொல் சரியாக இருந்தால், மொழி பெரும்பாலும் தப்பித்திருக்கிறது. எழுத்திலும் சொல் மாறினால் ‘அஃபேசியா’ என்னும் மொழிக் கோளாறும் கூட இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். பிரித்துச் சொல்லப் பேச்சுப் பயிற்சியாளர் நேரில் பார்க்க வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பிறகும் பயிற்சி பலன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியது: எதிரே உட்கார்ந்து, உங்கள் வாயை அவர் பார்க்கும்படி, தொடையில் தாளம் தட்டி, ‘காப்…பி’ என்று இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். அன்றாடம் தேவைப்படும் நாலைந்து சொற்கள் போதும், ஆனால் பலமுறை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக, அவர் அசராத நேரத்தில். வந்தவர்கள் முன்னால் ‘இது யாரு, சொல்லுங்க’ என்று பரீட்சை வைக்காதீர்கள். பதற்றத்தில் இன்னும் திணறுவார். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், வாக்கியத்தை நீங்களே முடித்துவிடாதீர்கள். காப்பி, மாத்திரை, கழிப்பறை படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். அட்டையைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வெறும் பயம்.

தண்ணீரோ கஞ்சியோ குடிக்கும்போது இருமினால், புரையேறினால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பேச்சு திடீரென்று மோசமானாலோ, முகம் கோணினாலோ 108தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.