அதுவும் இதுவும் ஒன்றா?

கேள்வி: விவாதத்தில் நான் ஓர் ஒப்புமை சொன்னால், ‘அதுவும் இதுவும் ஒன்றா?’ என்று நண்பர் என் வாயை அடைத்துவிடுகிறார். ஒப்பிட்டுச் சிந்திப்பது அவ்வளவு மட்டமான வழியா?

பதில்: நண்பர் கேட்பது நல்ல கேள்விதான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுகிறார் போலிருக்கிறது! இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துதானே ஒப்பிடுகிறோம்? எதில் ஒத்துப்போகிறது, எதில் இடிக்கிறது என்பதல்லவா வழக்கு.

பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேயைப் பாருங்கள். யுரேனஸ் கணக்குப்படி நகராமல் பிசகியது. கண்ணில் படாத ஒரு கிரகம் அதை இழுக்கிறது என்று கொண்டு, அதன் இருப்பிடத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் காலெ தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதனின் பாதையிலும் ஒரு பிசகு உண்டு. யுரேனஸைப் போலத்தான் இதுவும் என்று ஒப்பிட்டு, 1859இல் அதே மனிதர் அதே தர்க்கத்தை நீட்டினார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ இருக்க வேண்டும். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, கிரகம்தான் இல்லை. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள், அது தனிக் கூத்து. 1877இல் லெவெரியே இறந்தார். தேடல் அதன் பிறகும் ஓயவில்லை. கோளாறு நியூட்டனின் ஈர்ப்பு விதியிலேயே இருக்கிறது என்று 1915இல் ஐன்ஸ்டைன் காட்டினார்.

இரண்டாவது ஊகம் முதலாவதைவிட மட்டமா? இல்லை என்பேன். ஏற்கெனவே ஒரு முறை பலித்த வழி என்பதால் இன்னும் வலுவாகவே தோன்றியிருக்கும். எங்கே தேடலாம் என்பதோடு ஒப்புமையின் வேலை முடிந்தது; மிச்சம் தொலைநோக்கியின் பாடு. நண்பரிடம் ‘எந்த இடத்தில் இடிக்கிறது?’ என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வந்தால் விவாதம் தொடரும்.

கேள்வி: பொருத்தமான ஒப்புமை எனக்கு மட்டும் நேரத்துக்குத் தோன்றுவதில்லையே?

பதில்: உங்களுக்கு மட்டுமா? மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல சாலைகள் வழியே அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, சுற்றியுள்ள திசுவைச் சிதைக்காமல் வயிற்றுக் கட்டியைக் கதிரால் அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து வலுக் குறைந்த கதிர்களைக் கட்டியில் குவியும்படி பாய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை! ‘கதையைப் பயன்படுத்துங்கள்’ என்றதும் பலர் சொல்லிவிட்டார்கள். கோட்டையும் கட்டியும் மேலுக்கு ஒத்தில்லாததே தடை. இரண்டு கதைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டவர்களுக்கு வழி எளிதில் புலப்பட்டது என்று 1983இல் அவர்களே எழுதினார்கள். அதனால் எதைப் படித்தாலும் ஓர் உதாரணத்தோடு நிறுத்தாமல், வேறு துறையிலிருந்து இன்னொன்றையும் தேடிப் பக்கத்தில் வையுங்கள்.