பழைய பிராசசரில் விண்டோஸ் 11 ஏற்றலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டில் 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 போடப் பார்த்தால் பிராசசர் பொருந்தாது என்கிறது. கடைக்காரர் பென்டிரைவ் வைத்து ஏற்றித் தருகிறேன் என்கிறார். நெட் பேங்கிங், மகளின் டேலி பயிற்சி எல்லாம் இதில்தான். ஏற்றலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் தயாரித்த பென்டிரைவ், பிராசசர் சோதனையையும் டிபிஎம் 2.0 (கணினியின் பாதுகாப்பு சிப்) சோதனையையும் தாண்டிவிடும். உங்கள் ஐ5-இல் விண்டோஸ் 11 ஓடும். இன்னும் பழைய கோர் 2 டுயோ பிராசசர் என்றால் வேறு கதை: 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11-க்குத் தேவையான பாப்கவுண்ட் என்ற கட்டளையே அந்தப் பிராசசரில் கிடையாது. என்ன செய்தாலும் பூட் ஆகாது.

சரி, ஓடுகிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். மைக்ரோசாப்ட் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு உண்டு. கெட்ட டிரைவர்கள் (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) விண்டோஸின் உள்மையத்துக்குள் நுழையாமல் தடுப்பது அதுதான். அதற்கான வசதி ஏழாம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள்ளேயே வருகிறது. உங்களுடையதில் அந்த வேலையை மென்பொருளே செய்ய வேண்டும், வேகம் குறையும். வேகத்துக்காக அதை அணைத்தால், பேங்கிங் செய்யும் கணினியில் ஒரு காவல் போய்விடும்.

அடுத்தது அப்டேட். மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்கள் பெரும்பாலும் வருகின்றன, ஆனால் மைக்ரோசாப்ட் அதற்கு உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது. ஹோம் பதிப்புக்கு ஆயுள் 24 மாதம்தான். அதற்குள் மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டும்.

அதனால் பணம் புழங்கும் இந்தக் கணினியில் ஏற்ற வேண்டாம் என்பேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தாலும், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. உங்களிடம் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் மைக்ரோசாப்ட் கணக்கோடு பதிவு செய்யுங்கள். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் கட்டணமில்லை.

அப்புறமும் இதே கணினிதான் என்றால், பேங்கிங்கை விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றலாம்; பிரவுசர் வேலை அத்தனையும் நடக்கும். டேலி அதில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-ஐப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி ஏறும்போது நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.