வாசகர் கேள்வி – பதில்: மீண்டும் மீண்டும் பிப்ரவரி 2

கேள்வி: 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். நகைச்சுவைப் படம் என்றார்கள். எனக்கோ முடிவில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம். வேறு வழியில்லாமல்தானே அவன் நல்லவனாகிறான்? அதை எப்படி மனமாற்றம் என்று சொல்வது?
– திருச்சி வாசகி

பதில்: படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பவன் ஃபில் கானர்ஸ். கர்வம் பிடித்தவன், யாரையும் மதிக்கத் தெரியாதவன். பென்சில்வேனியாவின் பங்க்ஸடானி என்ற சிற்றூரில் பிப்ரவரி 2 அன்று நடக்கும் விழாவைப் பற்றிச் செய்தி தர வருகிறான். பனிப்புயலால் அங்கேயே தங்க நேர்கிறது. மறுநாள் காலை 6 மணிக்குக் கடிகார வானொலி முதல் நாள் ஒலித்த அதே பாட்டோடு அவனை எழுப்பும்போது, மீண்டும் அதே பிப்ரவரி 2. அன்றிலிருந்து அவனுக்கு வேறு தேதியே இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கான விடை, நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் இருக்கிறது. ஃபில் முதலில் நல்லவனாக முயலவே இல்லை. குடிக்கிறான், பணத்தைத் திருடுகிறான், பெண்களை ஏமாற்றுகிறான். பிறகு உடன் வந்த தயாரிப்பாளர் ரீட்டாவைக் கவர்வதற்காக, அவளுக்குப் பிடித்த மது எது, எதற்காக வாழ்த்துக் கூறிக் கோப்பையை உயர்த்துவாள் என்பதையெல்லாம் ஒவ்வொரு நாளும் மனப்பாடம் செய்து, மறுநாள் அவள் முன் ஒப்பிக்கிறான். பார்ப்பதற்கு அதுவும் அன்பைப் போலவே இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இரவும் கன்னத்தில் அறைதான் மிஞ்சுகிறது. இந்தப் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவருடைய விருப்பங்களை அறிந்துவைத்திருப்பதும் அவர்மேல் அக்கறை கொள்வதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சிரிக்க வைத்துக்கொண்டே காட்டிய படம் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. அதன்பின் அவன் மனமுடைந்து பலமுறை உயிரை மாய்த்துக்கொள்கிறான். அப்போதும் காலை 6 மணிக்கு அதே பாட்டு.

திருப்பம் ஒரு முதியவரிடமிருந்து வருகிறது. தெருமுனையில் கையேந்தி நிற்கும் அவரை முதல் நாள் ஃபில், சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுக் கடந்துபோனவன். பின்னொரு நாள் இரவு அவர் தள்ளாடுவதைப் பார்த்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான்; அவர் இறந்துவிடுகிறார். போகவேண்டிய வேளை வந்துவிட்டது என்கிறார் செவிலியர். அதை ஏற்க ஃபில்லுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அவருக்குச் சூடான சூப் வாங்கித் தருகிறான், வயிறு நிறையச் சாப்பிட வைக்கிறான், பனி படர்ந்த சந்தில் மண்டியிட்டு அவர் வாயில் தன் மூச்சை ஊதிப் பார்க்கிறான். கடைசியில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கிறான். 'நான் கடவுள்' என்று சில நாள் முன்பு ரீட்டாவிடம் சொன்ன மனிதனால் ஒரு முதியவரை ஓர் இரவு கூடுதலாக வாழவைக்க முடியவில்லை.

இதற்குப் பின் அவன் செய்யும் உதவிகளைக் கவனியுங்கள். மரத்திலிருந்து விழும் சிறுவனை நாள்தோறும் ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறான். சிறுவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுகிறான். நீ ஒருநாளும் நன்றி சொன்னதில்லை என்று பின்னாலிருந்து கத்துகிறான் ஃபில், ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அங்கே வந்து நிற்கிறான். விடிந்தால் அவன் செய்தது எதுவும் யார் நினைவிலும் இருக்காது. நல்லவனானால் விடுதலை கிடைக்கும் என்று யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. கைம்மாறு கருதாத உதவிக்கு மழையை உவமையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மழையையும் பனியையும் அறிவித்துப் பிழைக்கும் ஒருவன் அந்த நிலைக்கு வந்து சேர்வது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆகவே, வேறு வழியில்லாமல் நல்லவனானான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நாள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் காரணமே சொல்லவில்லையே. அது குறையல்லவா?
– மதுரை வாசகர்

பதில்: காரணம் எழுதப்பட்டதுண்டு. ஸ்டூடியோவின் வற்புறுத்தலால், முன்னாள் காதலி ஒருத்தி இட்ட சாபம் என்று ஒரு கட்டத்தில் திரைக்கதையில் சேர்த்தார்கள். நல்லவேளையாக அது படமாகவில்லை. சாபம் என்று வந்தால் விமோசனம் தேடும் கதையாகிவிடும், ஃபில்லும் தன்னைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சாபத்தைப் போக்கும் உபாயத்தையே தேடிக்கொண்டிருப்பான். கதாசிரியர் டேனி ரூபினின் முதல் பிரதி, எந்த விளக்கமும் இல்லாமல், நாள் திரும்பிக்கொண்டிருக்கும் நடுவிலேயே தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்படி ஓர் ஊரும் விழாவும் உண்மையிலேயே இருக்கின்றனவா?
– சேலம் வாசகர்

பதில்: இருக்கின்றன. கிரவுண்ட்ஹாக் என்பது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளையில் வாழும் பிராணி. பிப்ரவரி 2 அன்று அது வெளியே வந்து தன் நிழலைக் கண்டால் குளிர்காலம் இன்னும் 6 வாரம் நீடிக்கும் என்பது நம்பிக்கை. அந்த ஊருக்கு வெளியே உள்ள காப்ளர்ஸ் நாப் என்னும் இடத்தில் 1887 முதல் விழா நடக்கிறது. ஆனால் படம் எடுக்கப்பட்டது இல்லினாய் மாநிலத்தின் உட்ஸ்டாக் நகரத்தில். படத்தில் ஃபில் தன் காலை வைத்துவிடும் பனிநீர்க் குட்டை ஒன்றின் இடத்தில் இன்று நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

கேள்வி: இந்தப் படத்தால் இயக்குநர் ஹெரால்ட் ரேமிஸும் ஃபில்லாக நடித்த பில் மர்ரேயும் பிரிந்துவிட்டார்கள் என்பது உண்மையா?
– கோவை வாசகி

பதில்: உண்மைதான், அதை எழுதும்போது வருத்தமாகவே இருக்கிறது. பல வெற்றிப் படங்களில் இணைந்து வேலை செய்த நண்பர்கள் அவர்கள். மர்ரே இந்தக் கதையின் தத்துவப் பக்கத்தை அதிகம் விரும்பினார். ரேமிஸ் நகைச்சுவையை விட்டுவிடக் கூடாது என்றார். 1993-இல் படம் வெளியான பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரேமிஸ் நோயுற்றுப் படுத்திருந்த காலத்தில் மர்ரே அவரை நேரில் சென்று பார்த்தார். 2014 பிப்ரவரியில் ரேமிஸ் காலமானார்.