காரைக்குடியில் 3 இரவு: 1,200 சிங்கப்பூர் வெள்ளி போதுமா?

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். காரைக்குடியில் 3 இரவு தங்கி, செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு வர ஆசை. திருச்சிக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று. மற்ற செலவுக்கு 1,200 வெள்ளி. பழைய செட்டியார் மாளிகை விடுதியில் இரவுக்கு 8,000 ரூபாய் கேட்கிறார்கள். பணம் காணுமா? ரூபாயை இங்கேயே மாற்றிவிடலாமா?

பதில்: காணும். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 78,000 ரூபாய் வருகிறது. ஆனால் அந்த 8,000 உண்மையில் 8,000 அல்ல. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18%, அதற்குள் இருந்தால் 5%. உங்கள் அறை வரியோடு 9,440. மூன்று இரவுக்கு 28,320. மாளிகையில் ஓர் இரவு, ஊருக்குள் 3,000 ரூபாய் அறையில் இரண்டு இரவு என்றால் 15,740தான். நான் இதையே சொல்வேன். பகல் முழுக்க வெளியே சுற்றுபவருக்கு மூன்று இரவும் தேக்குத் தூண் எதற்கு? அத்தகைய விடுதிகளின் உணவகத்திலும் 18% வரி வரலாம். வெளியே மெஸ்ஸில் 5%. மாளிகைச் சாப்பாட்டை ஒரு வேளை, முதல் நாளே சொல்லிவைத்துச் சாப்பிடுங்கள். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இருக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

கார்தான் பலர் கோட்டைவிடும் இடம். வெளியூர் வாடகை என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 250 கிலோமீட்டர் போல் குறைந்தபட்சக் கணக்கு உண்டு. ஓட்டுநர் பேட்டா, டோல் தனி. பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் மூன்றும் காரைக்குடிக்குப் பக்கம். எனவே திருச்சியிலிருந்து (சுமார் 90 கிலோமீட்டர்) ஒருவழி டிராப் மட்டும் பேசுங்கள், திருமயம் கோட்டையை வழியிலேயே பார்த்துவிடலாம். சுற்றிப் பார்க்க, "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" வாடகை போதும். போக, வர, சுற்ற எல்லாம் சேர்த்து 14,000, சாப்பாட்டுக்கு 10,000 ஒதுக்குங்கள்.

சிங்கப்பூரிலேயே, தேக்காவில் (லிட்டில் இந்தியா) மாற்றலாம். ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டு கொண்டுபோக அனுமதியில்லை. 100, 200 ரூபாய் நோட்டாகக் கேளுங்கள். யாராவது 2,000 நோட்டு நீட்டினால் வாங்காதீர்கள், 2023லேயே புழக்கத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அங்கே கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்கும். சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யூபிஐ ஆகிய கைபேசிப் பணச் சேவைகளின் இணைப்பு ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், அதை நம்பிப் போகவேண்டாம். விடுதிக்கு மட்டும் கிரெடிட் கார்டு. வங்கிகள் பொதுவாக 3.25% வரை பிடிக்கும், அது போகட்டும், மெஷின் "சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?" என்றால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள், இல்லையேல் மாற்று விகிதத்தில் இன்னொரு அடி. ஏடிஎம் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவையுங்கள்.

இ-விசாவுக்கு இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் கட்டணத்தைக் கூட்டி வாங்கும்.

மீதிப் பணத்தில் கண்டாங்கிச் சேலை வாங்குங்கள். பழம்பொருள் கடைகளில் 100 ஆண்டு தாண்டிய சிலை, மரச்சிற்பம் போன்றவற்றை நாட்டை விட்டு எடுத்துவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. பழைய எனாமல் பாத்திரமே போதும். திரும்பும்போது மாவுருண்டை வரலாம். உப்புக்கண்டம் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) சாங்கி விமான நிலையத்தில் பறிபோகும், அதை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.