ஃபுஷிமி இனாரிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது

கேள்வி: ஏப்ரலில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, விசேஷ பூஜை என்று ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்கிறார். கட்டலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி, மலை ஏற முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். நெல் விளைச்சலுக்கும் வியாபாரச் செழிப்புக்கும் வேண்டிக்கொள்ளும் இனாரி தெய்வத்தின் கோயில்களுக்கெல்லாம் தலைமைக் கோயில் அது. இரவு பகல் எந்நேரமும் போகலாம், காசே வேண்டாம். இல்லாத டிக்கெட்டுக்கு, அதுவும் 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று சொல்லி, பணம் பிடுங்குகிறார்கள். கேட்டால் 'பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது' என்று கைகழுவிவிடுவார்கள். தட்டிக்கேட்க ஒரு நாதியில்லை. பணம் கட்டும் முன்பே எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அதில் டிக்கெட் என்று இருப்பதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

வழிகாட்டியும் வேண்டாம். கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆர் நாரா லைனில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய செந்நிறத் தோரணவாயில். சாதா ரயிலில் ஏறுங்கள், ரேபிட் அங்கே நிற்காது.

பூஜை விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு. காசு கட்டிச் செய்யும் பிரார்த்தனை அங்கே உண்மையிலேயே உண்டு. கோயில் அலுவலகத்திலேயே பெயர் கொடுத்துக் காணிக்கை கட்டினால், பூசாரி உங்கள் பெயரைச் சொல்லி வேண்டுவார். பகலில் மட்டும்தான். ஏஜென்ட் வழியாகப் போனாலும் இதே பூசாரி, இதே பிரார்த்தனைதான். அதுவும் கட்டாயமில்லை. பெட்டியில் ஒரு நாணயம் போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிந்தால் போதும். அங்கே எல்லாரும் அப்படித்தான் கும்பிடுகிறார்கள்.

சரி, அம்மாவின் கால். மலை 233 மீட்டர்தான், ஆனால் சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரம், எங்கும் படிக்கட்டு. அதை விட்டுவிடுங்கள். பிரதான சன்னதியைப் பாருங்கள். அங்கிருக்கும் நரிச்சிலைகளில் சில, நெற்களஞ்சியத்தின் சாவியை வாயில் கவ்வியிருக்கும். நரி அங்கே தெய்வமல்ல, தெய்வத்தின் தூதர். பின்னால் சில படிகள் ஏறினால் நெருக்கமாக நிற்கும் தோரணவரிசை. அதற்குள் மெல்ல நடந்து, முடிவில் இருக்கும் சிறு சன்னதியோடு திரும்பிவிடலாம். போகும்போது தூண்களில் வெறும் சிவப்புதான் தெரியும். திரும்பும்போதுதான் தோரணத்தைக் காணிக்கையாகக் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பெழுத்தில் தெரியும்.

காலை எட்டுக்கு முன்பே போய் நடையை முடித்துவிட்டு, அப்புறம் பிரார்த்தனைக்குப் பெயர் கொடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால், தோரணங்களுக்குள் அம்மா நின்று இளைப்பாறக்கூடக் கூட்டம் விடாது.